நரம்பு–தசைச் சந்தியில் எதிருயிரிகளின் தாக்கம்: செஞ்சி வட்டாரக் கட்டுவிரியன் கடியை முன்வைத்து

நுண்ணுயிர்களை அழிக்கும் எதிருயிரி மருந்துகளுள் சில, நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையையும் தடுக்க வல்லன. அறுவைச் சிகிச்சையின்போது வயிற்றறையில் இடப்பட்ட நியோமைசினால் மூச்சு நின்ற நிகழ்வுகள் 1956இலேயே பதிவாயின.

நரம்பு முனைக்குத் துடிப்பு வந்தவுடன் கால்சியம் உட்புகுகிறது, அதன் தூண்டலால் அசெட்டைல்கோலின் வெளியேறித் தசையின் ஏற்பிகளைப் பற்றுகிறது, தசை சுருங்குகிறது. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், நியோமைசின் முதலிய அமினோகிளைக்கோசைடுகள் கால்சியத்தின் நுழைவாயிலை அடைப்பதால் அசெட்டைல்கோலின் வெளியேற்றம் குறைகிறது. கால்சியத்தை ஊசிவழிச் செலுத்தினால் இத்தடை ஓரளவு நீங்குவது இதற்குச் சான்று. பாலிமிக்சின், கிளிண்டாமைசின் ஆகியவற்றுக்கும் தடையாற்றல் உண்டு.

நலமுடையோரிடம் இக்குறைவு பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் தேவைக்கு மிகுதியான அசெட்டைல்கோலின் வெளியேறுவதே காரணம். இம்மிகுதி முன்னரே குன்றியவர்க்கே இடர் மிகும். மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத்தளர்ச்சி நோயினர் ஒரு வகையினர். கட்டுவிரியன் கடிபட்டோர் மற்றொரு வகையினர்.

பாறைக்குன்றுகளும் வயல்களும் சூழ்ந்த செஞ்சி போன்ற ஊர்ப்புறங்களில், தரையில் உறங்குவோரை இரவில் இப்பாம்பு தீண்டுவதுண்டு. அதன் நஞ்சு நரம்பு முனையையே சிதைப்பதால் இமைகள் தாழ்ந்து, இறுதியில் மூச்சுத் தசைகளும் தளர்கின்றன. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்கு நுரையீரல் தொற்று நேரின் எதிருயிரி தேவைப்படும். அப்போது அமினோகிளைக்கோசைடைத் தேர்ந்தால் தளர்ச்சி மிகுந்து மீட்சி தாமதமாகலாம். பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகள் இச்சந்தியைப் பெரிதும் பாதிப்பதில்லை.

ஆகவே, கிருமி ஒடுங்குமா என்பதோடு நரம்பு முனை தாங்குமா என்பதும் மருந்துத் தேர்வின் அளவுகோலாதல் வேண்டும்.