தேடலும் காப்பும்: ஆவணப்படத்தின் இரு பணிகள்

புனே நகரின் சட்டக் கல்லூரிச் சாலையில் அமைந்துள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், காந்தியடிகள் பற்றிய 30 படச்சுருள்கள் தனக்குக் கிடைத்துள்ளதாக 2019ஆம் ஆண்டில் அறிவித்தது. அவை ஒரே படத்தின் பகுதிகள் அல்ல. பல நிறுவனங்கள் பல்வேறு காலங்களில் எடுத்து, தொகுக்கப்படாமல் கிடந்த காட்சிகளாகும். இத்தகைய சுருள்களைத் தேடுவதற்காகவே சுமார் எண்பது ஆண்டுகளுக்கு முன் தமிழர் ஒருவர் கடல் கடந்து சென்றார். அவர் ஏ.கே. செட்டியார். அவருடைய உழைப்பு ஆவணப்படம் என்பது யாது என்பதை விளக்குகிறது. அவருடைய படத்திற்கு நேர்ந்த கதியோ காப்பகம் ஏன் தேவை என்பதை விளக்குகிறது.

கப்பலில் பிறந்த எண்ணம்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911ஆம் ஆண்டில் பிறந்த செட்டியார், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்றவர். பயண நூல்களாலும் ‘குமரி மலர்’ இதழாலும் தமிழ் மக்களுக்கு நன்கு அறிமுகமானவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளன்று, அவர் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். அப்பயணத்தின்போதுதான் அண்ணலின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுக்க வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு கூட நிறையவில்லை.

கதைப்படம் எடுப்பவர் காட்சியை உருவாக்கிக்கொள்ளலாம். நடந்து முடிந்த வாழ்க்கையைப் படமாக்க முனைபவருக்கு அந்த வசதி இல்லை. பிறர் எடுத்த காட்சி எங்கே இருக்கிறது, அது எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது, அதில் காணப்படுவோர் யாவர் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தறிய வேண்டும். செட்டியார் இந்தியா, தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா எனப் பல இடங்களில் தேடினார். முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த காட்சிகளைத் திரட்டினார். புனேயைத் தமது பொதுவாழ்வின் களமாகக் கொண்ட கோபால கிருஷ்ண கோகலே 1912ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா சென்றபோது எடுக்கப்பட்ட காட்சியும் இவற்றுள் ஒன்றாகும்.

இவ்வாறு சேர்ந்த படச்சுருளின் நீளம் 50,000 அடி. பேசும் படத்தின் வேகத்தில் ஒரு நிமிடத்திற்கு 90 அடிப் படச்சுருள் ஓடும். ஆகவே இது ஏறத்தாழ ஒன்பதே கால் மணி நேரக் காட்சிக்குச் சமம். இதிலிருந்து அவர் தேர்ந்து அமைத்த படத்தின் நீளம் சுமார் 12,000 அடி. சேகரித்ததில் நான்கில் ஒரு பங்குகூடப் படத்தில் இடம்பெறவில்லை. எதை விடுவது என்று தெளிவதற்கே அத்தனையையும் தேட வேண்டியிருந்தது.

படம் தமிழ் விளக்கவுரையுடன் 1940 ஆகஸ்ட் மாதம் சென்னையில் வெளியாயிற்று. பின்னர் தெலுங்கிலும், விடுதலையையொட்டி இந்தியிலும், 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. எனினும் செட்டியார் 1983ஆம் ஆண்டில் மறைந்த பின்னர் அப்படத்தைக் காண விரும்பியவர்களுக்குப் பிரதி எளிதில் கிட்டவில்லை. வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் நெடிய முயற்சியால் அமெரிக்காவிலிருந்து கிடைத்ததும் சுருக்கப்பட்ட ஆங்கில வடிவமே. தமிழில் பிறந்த படத்தை இன்று தமிழர்கள் ஆங்கிலத்தில் காண வேண்டியுள்ளது என்பது வருந்தத்தக்கது.

சுருள் ஏன் அழிகிறது?

இந்நிலை ஒரு படத்திற்கு மட்டும் நேர்ந்ததன்று. தமிழகத்தில் உருவான முதல் மௌனப் படமான ‘கீசக வத’மும், முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதா’ஸும் இன்று இல்லை. முன்னதை எடுத்த நடராஜ முதலியார், ஒளிப்பதிவைப் புனேயில் ஓர் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வழிவிற்குக் காரணங்கள் பல. 1950ஆம் ஆண்டையொட்டிய காலம் வரை பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றக் கூடியது; பற்றினால் அணைப்பது அரிது. அதன்பின் வந்த அசிட்டேட் சுருள் தீயை எளிதில் பற்றாது. ஆனால் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து, புளிக்காடி நெடி வீசிச் சுருங்கிப்போகும். இவற்றுடன் மனிதரின் அலட்சியமும் சேர்ந்தது. ஓடி முடிந்த படங்களின் சுருள்கள் அவற்றிலுள்ள வெள்ளிக்காகவே விற்கப்பட்டன.

இவ்விழப்பைத் தடுக்கவே 1964ஆம் ஆண்டில் புனேயில் தேசியக் காப்பகம் நிறுவப்பட்டது. அதனை வளர்த்தெடுத்தவர் பி.கே. நாயர். 1991ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை அவர் நாடெங்கும் அலைந்து படங்களைத் திரட்டினார். பால்கே எடுத்த படங்களில் எஞ்சிய பகுதிகள் இன்று காணக் கிடைப்பது அவருடைய முயற்சியின் பயனாகும். அவரைப் பற்றிச் சிவேந்திர சிங் துங்கர்பூர் எடுத்த ‘செல்லுலாய்டு மேன்’ என்னும் ஆவணப்படம் இரு தேசிய விருதுகளைப் பெற்றது. படைப்பாளருக்கு விருது கிடைப்பது வழக்கம். படைப்பைக் காத்தவருடைய வாழ்க்கையே விருதுக்குரிய படமாக அமைந்தது அரிய சிறப்பாகும்.

ஆயினும் காப்பகம் அமைத்துவிட்டால் மட்டும் கவலை தீர்ந்துவிடாது. 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீ விபத்தில் ஆயிரக்கணக்கான நைட்ரேட் சுருள்கள் எரிந்துபோயின. பழைய படங்களைச் செப்பனிட்டு எண்ம வடிவில் மாற்றுவதற்கென அரசு பின்னர் தேசியத் திரைப்பட மரபுத் திட்டத்தை மேற்கொண்டது. 2022ஆம் ஆண்டில் காப்பகமும் திரைப்படப் பிரிவும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டன.

இன்றைய படைப்பாளருக்கு

இன்று ஆவணப்படம் எடுப்போர் பலர் ‘பாட்காஸ்ட்’ எனப்படும் ஒலித்தொடர்கள் வாயிலாகவும் பொதுப் பிரச்சினைகளைப் புலனாய்வு செய்து மக்கள் முன் வைக்கின்றனர். இதற்குப் பெரும் முதலீடோ, படக்கொட்டகையோ தேவையில்லை. ஆனால் தேடுவது, சரிபார்ப்பது, தேவையற்றதை விலக்குவது என்ற முறை செட்டியார் கையாண்டதேயாகும். மற்றோர் உண்மையும் மாறவில்லை. எண்ம வட்டும் பழுதாகும். ஒரு பதிவின் வடிவம் வழக்கொழிந்தால் அதை இயக்கும் கருவியும் மறைந்துவிடும். படச்சுருள் சிதைய ஆண்டுகள் பல ஆயின. ஒலிக்கோப்பு அழிய ஒரு நொடி போதும்.

எனவே ஒவ்வொரு படைப்பாளரும் தமது படைப்பின் பிரதியொன்றை, நாள், இடம், பேசுவோர் பற்றிய குறிப்புகளுடன், பொறுப்புள்ள காப்பகம் ஒன்றில் சேர்ப்பது கடமையாகும். குடும்பங்களிலும் பழைய படக்கொட்டகைகளிலும் கிடக்கும் சுருள் பெட்டிகளைப் பயனற்றவை என எறிந்துவிடாமல், புனேக் காப்பகத்திற்குத் தெரிவிப்பது பொதுமக்களின் பங்காகும். அத்தகைய பெட்டி ஒன்றில் செட்டியாரின் தமிழ்ப் படம் இருக்கக் கூடும். தனியொருவர் உலகைச் சுற்றித் தேடிச் சேர்த்த செல்வத்தை மீட்பதில் நாம் அனைவரும் சேர்ந்து கவனம் செலுத்துவது அவருக்குச் செய்யும் உரிய நன்றியாகும்.