கரண்ட் போன வேளையில் காஸ் கணப்பு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டது. இலங்கை முழுவதற்கும் கரண்ட் நின்றது. சொன்னவர் மின்சக்தி அமைச்சர் என்பதால் நம்பித்தான் ஆகவேண்டும்.

பாணந்துறை மேற்குக் கரையில். வந்தாறுமூலை கிழக்கில், மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில். இடையில் ஒரு நாடே கிடக்கிறது; ஆனாலும் நின்றது அதே கணத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரம் சோறு கறி ஆகிற நேரம். அங்குள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள மாணவர் அறைகளில் ரைஸ் குக்கரை நம்பியவர்களுக்கு அரிசி அரைவேக்காட்டில் நின்றிருக்கும். காஸ் அடுப்பு வைத்திருந்த வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை. குமிழைத் திருப்பினால் ‘டிக்’, பற்றிக்கொண்டது.

அந்த ‘டிக்’ எங்கிருந்து வருகிறது? அடுப்புக்குள் சிறு சுத்தியல் ஒன்று வில்லின் விசையில் பாய்ந்து ஒரு பீங்கான் துண்டை அடிக்கிறது. சில வகைப் பளிங்குகளை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1880இல் பியேர், ஜாக் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அந்த அடியில் ஒரு கணத்துக்குப் பல ஆயிரம் வோல்ற்று எழுந்து பொறி தெறிக்கிறது. மின்சார சபைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. விடாமல் ‘டிக் டிக் டிக்’ என்று அடிக்கும் அடுப்பாக இருந்தால் அது பற்றரியிலோ சுவர்ச் செருகியிலோ ஓடுவது. அது செத்தாலும் நெருப்புப் பெட்டி இருக்கிறது. முதலில் குச்சியைக் கொளுத்திப் பர்னர் அருகே பிடித்துவிட்டுத்தான் குமிழைத் திறக்கவேண்டும். காஸை முதலில் திறந்துவிட்டு இருட்டில் நெருப்புப் பெட்டியைத் தடவுகிறவர் புருவத்தை இழக்க ஆயத்தமாக இருக்கவேண்டும்.

வந்தாறுமூலையிலிருந்து கனடா போனவர்களின் வீட்டில் கதை வேறு. அங்கே கரண்ட் போனால் சோற்றை விடக் குளிர்தான் முதல் பிரச்சினை. 2013 டிசம்பரில், நத்தாருக்கு முந்திய வார இறுதியில், ரொறன்ரோவில் உறைமழை பெய்தது. மரக்கிளைகள் பனிக்கட்டிப் பாரத்தில் முறிந்து கம்பிகளில் விழ, நகரில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. தமிழர் நிறைந்து வாழும் ஸ்காபரோவும் தப்பவில்லை. வீட்டைச் சூடாக்கும் பெரிய உலை காஸில் எரிந்தாலும் அதன் விசிறி ஓடக் கரண்ட் வேண்டும். காஸோ நிலத்தடிக் குழாயில் வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்தது. கூடத்துச் சுவரில் அழகுக்கு வைத்ததாக நினைத்த காஸ் கணப்பின் அருமை அப்படிப்பட்ட இரவில்தான் தெரியும்.

எரியுமா என்பது அது எந்தக் காலத்துக் கணப்பு என்பதைப் பொறுத்தது. பழைய வகையில் ஒரு சிறு சுடர் எந்நேரமும் அணையாவிளக்கு மாதிரி எரிந்துகொண்டிருக்கும். அதன் நாக்கு ஓர் உலோக முனையில் படுகிறது. இரு வேறு உலோகங்கள் சேரும் இடம் சூடானால் மின்னோட்டம் பிறக்கும் என்பது 1821இல் சீபெக் கண்டது. நம் பாடப்புத்தகங்களில் அதற்கு வெப்பவிணை என்று பெயர். பல இணைகளைச் சேர்த்த முனையிலிருந்து கிடைப்பது அரை வோல்ற்றுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்தத் துளி மின்சாரமே காஸ் வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. சுடர் அணைந்தால் முனை குளிரும், வால்வு தானே மூடும். வேலைக்காரனும் காவற்காரனும் ஒரே சுடர். சுவரிலுள்ள சுவிட்சும் அந்த அரை வோல்ற்றைத்தான் கடத்துகிறது; வீதிக் கம்பியில் கரண்ட் இருந்தென்ன, போயென்ன.

சுடர் அணைந்திருந்தால் குமிழை மூடிவிட்டு ஐந்து நிமிடம் பொறுக்கவேண்டும். பிறகு சிறுசுடர் நிலைக்குத் திருப்பி, அழுத்திப் பிடித்தபடி பொறிப் பொத்தானை அடிக்கவேண்டும். பற்றியவுடன் கையை எடுப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. முனை சூடேற அரை நிமிடம், சிலவேளை ஒரு நிமிடமும் ஆகும். அதுவரை அழுத்தம் விடக்கூடாது.

புதிய வகையில் சிறுசுடர் எந்நேரமும் எரிவதில்லை. காஸ் மிச்சம், நல்லதுதான். ஆனால் வால்வைத் திறப்பதும் பொறி கொடுப்பதும் மின்னணுப் பலகை. கரண்ட் இல்லாதபோது நெருப்புக்குச்சியை நீட்டிப் பயனில்லை, காஸே வராது. இதற்காகவே பல கணப்புகளின் கீழ்ப்பலகைக்குப் பின்னால் பற்றரி போடும் சிறு பெட்டி உண்டு. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் கம்பளிக்குள் நடுங்கி விடிய வைப்பவர்கள் இருக்கிறார்கள்! எரிந்தாலும் விசிறி சுற்றாது, சூடு கணப்பைச் சுற்றியே நிற்கும். கண்ணாடி முகப்பு தொட்டால் தோலை உரிக்கும். பிள்ளைகளைத் தள்ளி வைக்கவேண்டும்.

கணப்பு இல்லாத வீட்டில் கரி அடுப்பை உள்ளே கொண்டுவர மனம் சொல்லும். கூடவே கூடாது. கரி விடும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதே 2013 புயலில் ஒன்ராறியோவில் கராஜுக்குள் ஜெனரேட்டரை ஓடவிட்ட ஒரு வீட்டில் இருவர் இறந்தார்கள்.

இலங்கையின் சிலிண்டர் காஸுக்கு இன்னொரு குணம். கனடாவின் குழாய்க் காஸ் காற்றை விட இலேசு, மேலே போகும். சிலிண்டரில் வரும் புரொப்பேனும் பியூட்டேனும் காற்றை விடக் கனமானவை; கசிந்தால் தரையோடு படிந்து மூலையில் தங்கும். கரண்ட் இல்லாத இரவில் மணம் வந்தால் குப்பி விளக்கோடு குனிந்து தேடுவதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை. ரெகுலேட்டரை மூடி, கதவு யன்னல் திறந்து, வெளியே போவதுதான் வழி. அந்த மணமும் இயல்பானதல்ல, எத்தில் மேர்கப்டன் என்ற இரசாயனத்தைக் கலந்து வரவழைப்பது. 2021 இறுதியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்தபோது ஜனாதிபதி நியமித்த குழு ஆராய்ந்தது சிலிண்டரின் புரொப்பேன் விகிதத்தை. மணம் போதுமா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது.

சில மாதத்தில் அந்தக் கேள்விக்கே வேலை இல்லாமல் போயிற்று. 2022 மார்ச் 31இல் மின்வெட்டு பதின்மூன்று மணி நேரத்தைத் தொட்டது. 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், ஏப்ரலில் 4,860 ரூபா. அதுவும் கொழும்பு விலை. மட்டக்களப்புக்கு வந்துசேர இன்னும் கூடும். காசு இருந்தாலும் வரிசையில் நின்றாலும் சிலிண்டர் நிச்சயமில்லை. வந்தாறுமூலைப் பின்வளவுகளில் மூன்று கல்லும் மறுபடி வேலைக்கு வந்தன. சிரட்டையும் பொச்சும் காய்ந்த மட்டையும் அடுப்பில் புகைய, முன்வீட்டில் காஸ் அடுப்பின் மேல் துணி விரித்துப் பாத்திரங்களை அடுக்கி வைத்தார்கள்.