புத்தக வெள்ளம் புரளும் பண்டிகை

பண்டிகை வருகிறதென்றால் எந்த வீட்டிலும் முதலில் தயாராவது ஒரு பட்டியல்தான், இல்லையா? துணிமணி, பட்சணச் சாமான், உற்றார் உறவினருக்குக் கொடுக்க வேண்டிய வரிசை... வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஐஸ்லாந்துத் தீவிலும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பட்டியல் போடுகிறார்கள். ஆனால் அதில் முதல் ஸ்தானம் புத்தகங்களுக்கு!

அந்த நாட்டில் வருஷம் முழுவதும் வெளியாகும் புதுப் புத்தகங்களில் பெரும்பகுதி, கிறிஸ்துமஸுக்கு முந்திய இரண்டு மூன்று மாதங்களில்தான் கடைக்கு வருகிறது. இதற்கு 'யோலபோகஃப்லோத்' என்று பெயர். வாயில் நுழையவில்லையா? 'கிறிஸ்துமஸ் புத்தக வெள்ளம்' என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இந்த வெள்ளம் தட்டுப்பாட்டில் பிறந்தது என்பதுதான் வேடிக்கை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெளிநாட்டுச் சாமான்களின் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு. நல்ல பரிசாகப் பார்த்து வாங்கலாமென்றால் கடையில் சரக்கு இராது. காகிதத்துக்கு மட்டும் அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆகவே ஜனங்கள் புத்தகத்தைப் பரிசாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1944-ல், ஐஸ்லாந்து குடியரசான அதே வருஷத்தில், பிரசுரகர்த்தர்கள் புதுப் புத்தகங்களின் ஜாபிதா ஒன்றை வெளியிட்டார்கள். பிற்காலத்தில் அது வீட்டுக்கு வீடு இலவசமாகவே நெடுங்காலம் போய்க் கொண்டிருந்தது.

ஜாபிதா அச்சடித்து விட்டால் மட்டும் ஜனங்கள் படித்து விடுவார்களா, என்ன? அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கம்பளி நூல் அந்தப் பழக்கத்தை ஊட்டியிருந்தது. சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். குளிர்கால இரவுகளில் பண்ணை வீட்டார் அனைவரும் ஒரே அறையில், ஒரே விளக்கைச் சுற்றி உட்கார்ந்து நூல் நூற்பார்கள், பின்னுவார்கள். ஒருவர் மட்டும் பழைய வீரக் கதைகளை உரக்கப் படிப்பார். கை கம்பளியில், காது கதையில்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்த வழக்கம் இருந்தது.

கிறிஸ்துமஸுக்குள் கம்பளி வேலை முடிந்தாக வேண்டும். அன்று புதுத் துணி இல்லாதவரைப் பெரிய பூனை ஒன்று தின்று விடுமாம்! வேலை வாங்குவதற்காக எஜமானர்கள் கட்டி விட்ட கதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. துணி கொடுக்காத எஜமானரை அல்லவா அந்தப் பூனை தின்றிருக்க வேண்டும்?

குழந்தைகளுக்கோ டிசம்பர் 12 முதலே குதூகலம். மலையிலிருந்து 13 குறும்பர்கள் நாளுக்கு ஒருவராக இறங்கி வருவதாக ஐதிகம். ஒருவன் கரண்டியை நக்குகிறவன். ஒருவன் கதவைப் படாரென்று சாத்துகிறவன். கடைசியில் வருகிறவன் மெழுகுவர்த்தித் திருடன். இரவில் ஜன்னலோரம் செருப்பை வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் அதில் சின்னப் பரிசு இருக்கும். விஷமம் செய்த பிள்ளைக்கு உருளைக்கிழங்கு! ஒரு காலத்தில் இவர்கள் பெயரைச் சொன்னாலே பிள்ளைகள் நடுங்குவார்களாம். இவர்களைக் காட்டிப் பெற்றோர் பயமுறுத்தக் கூடாதென்று 1746-ல் அரசாங்க உத்தரவே பிறந்தது.

ஒரு விடுமுறை நாளில் பாட்டி முதல் பேரன் வரை கூடி உட்கார்ந்து 'இலை ரொட்டி' செய்கிறார்கள். கோதுமை மாவு அருமையாக இருந்த காலத்தில் வந்த பட்சணம் இது; ஆகவே அப்பளம் போல் மெல்லிசாக இட்டு, கத்தி முனையால் கோலம் கீறிக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். குழந்தைகள் கீறிய கோணல் கோலத்துக்குத்தான் அதிக மவுசு.

அங்கே டிசம்பரில் பகல் என்பது சுமார் 4 மணி நேரந்தான். அதற்காக வீட்டுக்குள் முடங்கி விடுவார்களா? 23-ஆம் தேதி மாலை தலைநகரான ரேக்யவிக்கின் கடைத் தெருவில் குடும்பம் குடும்பமாக உலாவுகிறார்கள். மத்தியானம் பலர் நொதிக்க வைத்த திருக்கை மீன் சாப்பிட்டிருப்பார்கள். அதன் நவச்சார நெடி உடுப்போடு கூடவே உலா வரும்! புத்தகக் கடைகளிலும் அன்றிரவு வெகு நேரம் வரை கூட்டம்.

இந்தக் கூட்டத்தை நம்பித்தான் ஒரு மொழியே இருக்கிறது என்றால் மிகையல்ல. ஐஸ்லாந்தின் ஜனத்தொகை சுமார் 4 லட்சம். பிள்ளைகள் கையில் இருக்கும் டெலிபோனிலும் விளையாட்டிலும் ஆங்கிலம் கொட்டுகிறது. டிசம்பர் விற்பனை படுத்தால் பல பிரசுரகர்த்தர்களுக்கு அந்த வருஷமே படுத்தது. 2019 முதல், ஐஸ்லாந்து மொழியில் புத்தகம் வெளியிடும் செலவில் 25 சதவிகிதத்தை அரசாங்கம் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. ஆயினும், வீட்டில் ஒருவர் வாங்கி இன்னொருவர் கையில் கொடுத்தால்தானே புத்தகம் பிழைக்கும்?

24-ஆம் தேதி மாலை 6 மணிக்கு ரேடியோவில் கோயில் மணி ஒலிக்கிறது. பண்டிகை பிறந்து விட்டது. விருந்து முடிகிறது, பரிசுப் பொட்டலங்கள் பிரிகின்றன. பிறகு ஆளுக்கொரு புத்தகத்தோடு கம்பளிக்குள் புகுந்து விடுகிறார்கள். இரண்டு அத்தைமார்கள் ஒரே நாவலைக் கொடுத்து விட்டால் என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? கடைக்காரர் அதற்கும் வழி வைத்திருக்கிறார். புத்தகத்தில் ஒட்டிய மாற்றுச் சீட்டைக் காட்டினால் போதும். பண்டிகை கழிந்ததும் வேறு புத்தகம் வாங்கிக் கொள்ளலாம்.