மனோவியாதியும் ஜீவனோபாயமும்

சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா ஒருவருக்கு ஜுரம் வந்தால் ரஜா கொடுக்கிறார்கள். கால் ஒடிந்தால் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் சென்று பார்க்கிறார்கள். அதே குமாஸ்தா இரவெல்லாம் உறக்கமின்றி, யாரோ தம்மைத் தொடர்ந்து வருகிறார்கள் என்ற பயம் பிடித்து, கணக்கில் கை தடுமாற ஆரம்பித்தாலோ, அவருடைய தமையனாரை அழைத்து, ‘கௌரவமாக ராஜிநாமா எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்’ என்கிறார்கள். இதைத் தயவென்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். நம் அபிப்பிராயத்தில் இது தயவன்று. சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவும் காரியம்.

1995-ம் வருஷத்துச் சட்டம் மனோவியாதியை ஊனங்களுள் ஒன்றாக எண்ணியது. ஆயினும் சர்க்கார் உத்தியோகங்களில் அது ஒதுக்கிய 3 சதவிகிதத்தில், கண், காது, கை கால் குறையுடையோருக்கே பங்கு வைத்தது. 2016-ம் வருஷத்துச் சட்டம் அதை 4 ஆக்கி, புதிதாகச் சேர்த்த 1 சதவிகிதத்தை ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறை, கற்றலில் இடர்ப்பாடு, மனோவியாதி ஆகிய நான்கு வகையினருக்கும், பல குறைகள் ஒருங்கே உடையவர்களுக்கும் பொதுவில் விட்டது. ஐந்து பேரை ஓர் இலையில் உட்கார்த்திப் பரிமாறுவதற்கு இது ஒப்பாகும். அதிலும் 40 சதவிகிதக் குறையென்று டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அந்தக் காகிதத்தை வாங்கத் துணிபவர் எத்தனை பேர்?

எனினும் அதே சட்டத்தின் 20-வது பிரிவில், நான்காவது உட்பிரிவு ஒன்றிருக்கிறது. வேலையிலிருக்கும்போது குறை ஏற்பட்டவரைச் சர்க்கார் ஸ்தாபனம் எதுவும் நீக்கலாகாது; பதவியில் இறக்கவும் ஆகாது. பழைய வேலைக்குத் தகாதவரானால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்கவேண்டும். வேறு வேலை இல்லையேல், அது கிடைக்கும் வரையிலோ ஓய்வுபெறும் வரையிலோ உபரிப் பதவியொன்றில் வைத்துக்கொள்ள வேண்டும். மத்திய ரிசர்வ் போலீஸ் படை உத்தியோகஸ்தர் ஒருவர் மனோவியாதியுற்ற நிலையில், அவர்மீது நடத்தைக் குற்றம் சாட்டி விசாரணை நடத்தினார்கள். 2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்நடவடிக்கையை ரத்து செய்தது. குற்றமெனக் கருதப்பட்ட நடத்தைக்கு நோயும் ஒரு காரணமாயிருந்தால், அதன்பேரில் நடவடிக்கை எடுப்பதே மறைமுகமான பாரபட்சமாகும் என்பது தீர்ப்பின் சாரம். வக்கீல்கள் இத்தீர்ப்பை முழுவதும் படிக்கவேண்டும்.

தனியார் ஆலைகளிலும் கடைகளிலும் வேலை செய்வோருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே முதலாளிகள் சொல்லும் பதில் ஒன்றே: ‘முதலில் குணமாகட்டும், பிறகு பார்க்கலாம்.’ நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் பரீட்சையில் நிற்கவில்லை. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் 1990-களில் உருவான முறையொன்றில், வருஷக்கணக்கில் பயிற்சி கொடுத்துப் பின் வேலை தேடுவதில்லை. நோயாளி விரும்பும் வேலையை வெளிச்சந்தையில் முதலில் தேடிக் கொடுத்து, ஊழியர் ஒருவர் டாக்டருடன் கலந்து, காலவரையறையின்றிக் கூடவே உதவுகிறார். இதை லண்டன், சோபியா முதலான ஆறு ஐரோப்பிய நகரங்களில் கடும் மனோவியாதியுள்ள 312 பேரிடம் சோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். இம்முறையில் 55 சதவிகிதத்தினர் ஒரு நாளேனும் வேலை செய்தனர். பழைய பயிற்சி முறையில் 28 சதவிகிதத்தினரே. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் புதிய முறையிற் குறைவு. வேலைப்பளு நோயை அதிகப்படுத்தும் என்று அஞ்சுவோர் இதைக் கவனிப்பார்களாக.

நமது சென்னைக்கும் இது முற்றிலும் புதிதன்று. கும்பெனியார் காலத்தில், 1794-ல், வேர்விட்ட கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியின் தொழிற்கூடத்தில் நோயாளிகள் ரொட்டி சுட்டிருக்கிறார்கள். அங்கே தலைவராயிருந்த டாக்டர் சாரதா மேனன் 1984-ல் நிறுவிய ஸ்கார்ப் ஸ்தாபனமும், நோயாளியைத் தொழிலுக்குத் திருப்புவதைச் சிகிச்சையின் பகுதியாகவே கொண்டது. ஆனால் மதிலுக்குள் சுட்ட ரொட்டி, மதிலுக்கு வெளியே சம்பளமாக மாறவேண்டுமே! அதற்கு ஆஸ்பத்திரி மட்டும் போதாது.

இதற்குப் பெருஞ்செலவு ஆகுமென்பது வீண் பயம். மருந்தின் மயக்கம் காலையில் தெளியாதவருக்கு வேலை நேரத்தைச் சற்றுத் தள்ளி வைப்பது. மறதியுள்ளவருக்கு உத்தரவை எழுதிக் கொடுப்பது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுபவருக்கு வாய்மொழியாகச் சொல்வது. பலர் பல திசையில் ஏவாமல் ஒருவரே மேற்பார்ப்பது. பெரும்பாலும் வேண்டுவது இவ்வளவே.

தொழிற்சங்கத்தாரும் நகரசபை அங்கத்தினரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 21-வது பிரிவின்படி ஒவ்வொரு ஸ்தாபனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடவேண்டும். 23-வது பிரிவின்படி ஒவ்வொரு சர்க்கார் ஸ்தாபனமும் குறை கேட்கும் அதிகாரியை நியமிக்கவேண்டும். தத்தம் ஊரில் அக்கொள்கைப் பத்திரம் எங்கே, அவ்வதிகாரி யார் என்று எழுத்துமூலம் கேட்கட்டும். நாம் மேலே சொன்ன குமாஸ்தாவின் தமையனாரும், ராஜிநாமாவுக்குக் காகிதம் எடுக்குமுன், டாக்டரிடம் ரஜாவுக்குச் சர்ட்டிபிகேட் வாங்கி, 20-வது பிரிவைக் குறிப்பிட்டு மேலதிகாரிக்கு ஒரு மனு கொடுக்கட்டும்.