குளிர்காலத்தில் மாறும் எரிபொருள்

ஆவியாதல் பாடத்தில் ஸ்வீடன் நாட்டு கார்களைப் பற்றிச் சொல்வது என் வழக்கம். அங்கு விற்கும் இ85 எரிபொருளில் கோடையில் 85 விழுக்காடு எத்தனால். குளிர்காலத்தில் 75 விழுக்காடுதான். பெயர் மட்டும் மாறுவதில்லை!

எஞ்சினில் எரிவது திரவமன்று, காற்றோடு கலந்த ஆவி. கடுங்குளிரில் எத்தனாலிலிருந்து போதிய ஆவி எழாது, வண்டி கிளம்பாது. எளிதில் ஆவியாகும் பொருள்கள் பெட்ரோலில் இருப்பதால் அதன் பங்கைக் கூட்டுகிறார்கள்.

நம் வெயிலில் சானிடைசர் நொடியில் காய்வதைப் பார்த்த பிள்ளைகள் இதை நம்பமாட்டார்கள். எத்தனால் கலந்த சானிடைசர் ஒரு துளியை உள்ளங்கையில் விடுவேன். “சில்லுனு இருக்கு சார்” என்பார்கள். ஆவியாகத் தேவையான வெப்பத்தைக் கை கொடுத்தது. உறைந்த எஞ்சினில் யார் கொடுப்பது?

பிரேசிலில் வேறு வழி: எத்தனால் கார்களைக் கிளப்புவதற்கென்றே சிறு பெட்ரோல் தொட்டி வைத்தார்கள்.