ஐம்பது பாக்கெட் சொல்லும் எடை

கோம்பையிலும் தேவாரத்திலும் விடியுமுன் ஜீப் ஏறி, இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்கள் எடுத்த காய் உலர்ந்து, தரம் பிரிந்து, போடிநாயக்கனூர் ஏலத்தில் விலைபோய், 100 கிராம் பாக்கெட்டாகக் கடைக்கு வருகிறது. அதில் உண்மையிலேயே 100 கிராம் இருக்கிறதா? விலை உயர்ந்த சரக்கு. அரைக் கிராமும் கணக்குதான்.

எந்த இயந்திரமும் எல்லாப் பாக்கெட்டையும் ஒரே எடையில் நிரப்பாது. அதனால்தான் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் 100 கிராம் பாக்கெட்டுக்கு 4.5 கிராம் வரை பிழையைப் பொறுக்கின்றன. அந்தச் சலுகை தனிப் பாக்கெட்டுக்கு மட்டுமே. மொத்தச் சரக்கின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் கீழே போகக்கூடாது.

ஒரு சரக்கில் 400 பாக்கெட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 400ஐயும் பிரித்து நிறுத்தால் விற்க எதுவும் மிஞ்சாது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு 50 எடுத்து நிறுக்கிறோம்; இந்த 50தான் நம் கூறு. சராசரி 99.6 கிராம், எடைகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவான திட்ட விலக்கம் 1.2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 0.4 குறைவு தற்செயலா, இயந்திரத்தின் கோளாறா?

‘சராசரி 100தான்’ என்று முதலில் நம்பிக்கொள்கிறோம். இதுதான் கருதுகோள். 1.2ஐ 50இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.17; கூறின் சராசரி தற்செயலாய் ஊசலாடும் அளவு இது. நம் குறைவு அதைப்போல 2.36 மடங்கு. சராசரி 100ஆக இருந்தால், இத்தனை குறைவு தற்செயலாய் வருவது ஏறக்குறைய நூற்றில் ஒருமுறை. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 99.26 முதல் 99.94 வரை; 100 அதற்கு வெளியே நிற்கிறது. இந்த முறையில் கணக்கிடும் இடைவெளிகளில் நூற்றுக்கு 95, உண்மைச் சராசரியைப் பிடித்துவிடும் என்பதே இந்த 95இன் பொருள். சிறு கூறுகளுக்கான இந்தக் கணக்கின் அடிப்படையை 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதியவர் டப்ளின் கின்னஸ் மதுவாலையில் வேலைபார்த்த காஸெட்.

ஆனால் சர்வதேச சட்ட அளவியல் அமைப்பின் ஆர்-87 பரிந்துரைப்படி, சராசரியைப் பொறுத்தவரை இதே சரக்கு தேறிவிடும்! 50 பாக்கெட் கூறுக்கு அது திட்ட விலக்கத்தில் 0.379 பங்கைச் சராசரியோடு கூட்டிப் பார்க்கிறது: 100.05. நேர்மையானவர்மீது தவறாகக் குற்றம் விழும் வாய்ப்பை 200இல் ஒன்றுக்குள் அடக்கவே இந்தத் தாராளம். சோதிக்கும் அதிகாரிக்கு அது நியாயம். பாக்கெட் போடுகிறவருக்கு அது அளவுகோல் ஆகாது.

எனவே பாக்கெட் போடுகிறவர்களே, லாரி ஏற்றுமுன் நீங்களே 50 நிறுத்துப் பாருங்கள். 95 சதவீத இடைவெளி முழுவதும் 100க்குக் கீழே கிடந்தால் இயந்திரத்தைத் திருத்துங்கள். குறைவு 0.4தான் என்றாலும், 400 பாக்கெட்டில் வாங்குகிறவர்கள் இழப்பது 160 கிராம் ஏலக்காய்.