ஆறுதலும் தேறுதலும்: சில சொற்பொருட் குறிப்புகள்

ஆறுதல், தேறுதல் ஆகிய இரு சொற்களும் இன்று பெரும்பாலும் இணைமொழியாகவே வழங்குகின்றன. “ஆறுதல் தேறுதல் சொல்ல ஒருவருமில்லை” என்பது மக்கள் பேச்சு. இவ்வாறு இணைத்துக் கூறுவதனால் இரண்டும் ஒருபொருளன என்ற எண்ணம் எழுதல் இயல்பே. ஆயின் அவற்றின் வழக்குகளை ஊன்றி நோக்குமிடத்து, துயருற்றாரை அணுகும் இருவேறு வழிகள் இச்சொற்களிற் பொதிந்திருத்தலைக் காணலாம்.

ஆறுதல் என்பது வெப்பந் தணிதல். கொதித்த பால் ஆறும், புண் ஆறும், சினமும் ஆறும். இவற்றிலெல்லாம் தொழிற்படுவது பெரிதுங் காலமே. ஈழத்துப் பேச்சு வழக்கில் ‘ஆறுதலாக வாருங்கோ’ என்னுமிடத்து அச்சொல் அவசரமின்மையைக் குறித்து நிற்றல் மனங்கொள்ளத்தக்கது. செத்தவீட்டுக்குச் செல்வோர் பலர் அதிகம் பேசுவதில்லை, அருகில் அமர்ந்திருப்பர். அதுவும் ஆறுதலே. ஆறுதலளிக்கச் செய்தியெதுவும் வேண்டியதில்லை.

தேறுதலோ தெளிதல். கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையின் பெயரிலும் இச்சொல்லே உள்ளது. காதலனைப் பிரிந்து நிலைகலங்கிய பெண்ணொருத்தி அவன் மீண்டதும் தெளிவுற்றமைக்கு இதனையே உவமையாக்குகிறது நெய்தற்கலி. அவளைத் தேற்றியது சொல்லன்று, அவன் வரவு. தொல்காப்பியர் ஏகாரத்தின் ஐந்து பொருள்களில் ஒன்றாகத் தேற்றத்தைக் கூறுவார். அங்கு அது உறுதிப்பாடு. திருக்குறளின் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தில் தேறுதல் என்பது ஆராய்ந்தபின் நம்புதலாகும். ஆகவே ஒருவரைத் தேற்றுதற்கு அறிந்த உண்மையொன்று வேண்டும். அஃதின்றித் தேற்ற முற்படின் யாது நிகழும்?

இவ்வினாவை அகப்பாட்டு மரபு எதிர்கொண்டுள்ளது. துயருற்ற தலைவியை நெஞ்சுறுதி கொள்ளச் செய்தலைப் பழைய துறைக்குறிப்புகள் ‘வற்புறுத்தல்’ என்கின்றன. வன்மையை ஊட்டுதல் என்பதே அதன் பொருள். இன்றைய கட்டாயப்படுத்தற் பொருள் பின்னெழுந்தது. குறுந்தொகை 66ஆம் பாட்டில், கார்காலத்து மீள்வேன் என்ற தலைவன் வந்திலன், கொன்றையோ மலர்ந்துவிட்டது. தோழி, பருவமல்லாப் பருவத்து மழையைக் காரென மயங்கி அம்மரங்கள் பூத்தன என்கிறாள். அன்பினாற் பிறந்த பொய் இது. நயமிக்கதெனினும், அடுத்த மழைவரை தாங்குமா என்பது ஐயமே. நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் வேறொரு பக்கத்தைக் காட்டும். களவொழுக்கத்தின் பகுதிகளுள் வன்புறையை அடுத்துத் தெளிவை வைக்கும் அந்நூல், வன்புறையை ஐயந் தீர்த்தல், பிரிவறிவுறுத்தல் என வகுக்கிறது. பிரிவை மறைத்தலன்று, அறிவித்தலே உறுதியூட்டலின் பாற்படுகின்றது. இலக்கணத்தாரை வெறும் வகைப்பாட்டாளர் எனப் புறந்தள்ளுவோர் இதனை ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம்.

இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. இலங்கையில் யுத்தம் 2009இல் முடிவுற்றபின், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கேட்டுவந்தது தேறுதலையே: அவர்கள் எங்கே, என்ன நேர்ந்தது என்பதையே. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்க் காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் அமைக்கப்பட்டது. இறந்தாரெனக் கூறாது காணப்படவில்லை என்று மட்டும் சான்றளிக்கவும் அவ்வாண்டே சட்டம் இடமளித்தது. சொத்து, வங்கிக் கணக்கு முதலியவற்றைக் கையாள இத்தகைய சான்றிதழ் பயன்படலாம். அந்தப் பயன் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. எனினும் 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தொடர் போராட்டங்களில் தாய்மார் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருந்தனர். விடையறியாமலே இறந்தோரும் உளர். நட்டஈட்டையும் சான்றிதழையும் பெற்று அமைதியுறுமாறு அவர்களைக் கேட்பது, வற்புறுத்தலின் பழைய பொருளிலன்றி இன்றைய பொருளிலேயே வற்புறுத்தலாகும். ஆறுதலைக் காட்டித் தேறுதலை மறுக்கும் செயலாகவே அவர்கள் அதனைக் கண்டனர்.

அரச அலுவலகத்தின் பெயரில் அமைந்த வினை ‘போன’ என்பது. உறவினர் தம் பதாகைகளில் எழுதிய வினை ‘ஆக்கப்பட்ட’ என்பது. முன்னையது செய்தவரைப் பற்றிய வினாவை எழுப்புவதில்லை.